ஆர்பிட்ரேஷனில் தோற்ற வியாபாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாபாரத் தகராறை கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவரிடம் விட்டுத் தீர்த்துக்கொள்வதுதான் ஆர்பிட்ரேஷன். அந்த நடுவர், அதாவது ஆர்பிட்ரேட்டர், பாதகமாகத் தீர்ப்பு சொன்னதும், “சரி, ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிடும் வியாபாரிகள் நிறையப் பேர். நீதிபதி வழக்கை முதலிலிருந்து கேட்பார், தொகையைக் குறைப்பார் என்று நம்புகிறார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு கோர்ட்டுக்குப் போகும் வழியான 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அப்பீல் அல்ல. சாட்சியத்தை மறுபடி எடைபோடும் வேலை அங்கே கிடையாது.

இந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆர்பிட்ரேட்டரின் தீர்ப்பைத் திருத்தவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் சொன்னது. இல்லவே இல்லை என்றது 2021-இல் உச்ச நீதிமன்றம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 4-க்கு 1 என்ற கணக்கில் நடுவழி ஒன்றைக் காட்டியது: தனியே பிரிக்க முடிந்த பகுதியை நீக்கலாம், பார்த்தாலே தெரியும் கணக்குப் பிழையைச் சரிசெய்யலாம், தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியை மாற்றலாம். ஒரு கூட்டல் பிழைக்காக மறுபடி முதலிலிருந்து அலையவிடுவது அநியாயம் என்பதால், எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் வழக்கின் நியாய அநியாயத்தை மறுபடி அலச இதில் இடமில்லை.

வெறும் கணக்குப் பிழைதான் என்றால் கோர்ட்டுக்கே போக வேண்டாம். தீர்ப்பு கிடைத்த 30 நாளுக்குள், எதிர்த்தரப்புக்கும் தெரிவித்து, 33-ஆம் பிரிவில் ஆர்பிட்ரேட்டரிடமே கேட்கலாம்.

பலரைக் கவிழ்ப்பது 34-ஆம் பிரிவு மனுவுக்கான கெடுதான். கையெழுத்திட்ட நகல் கைக்கு வந்ததிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூடப் பொறுக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. ஜனவரி 20-இல் நகல் வாங்கினீர்கள் என்றால் ஏப்ரல் 20-இல் மூன்று மாதம் முடிகிறது. கூடுதல் 30 நாள் மே 20 வரை. அன்று கோர்ட் கோடை விடுமுறையில் இருந்தாலும், ஜூனில் திறந்ததும் போடலாம் என்பது செல்லாது. கெடு விடுமுறையில் முடிந்தால் கோர்ட் திறக்கும் நாளில் போடலாம் என்ற சலுகை அந்த மூன்று மாதத்துக்கு மட்டும்தான்.

அப்புறம், மனு போட்டாலே தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு ஸ்டே கிடைத்துவிடும் என்ற நினைப்பு. 2015 திருத்தத்துக்குப் பிறகு ஸ்டேவுக்குத் தனி மனு போட வேண்டும். பெரும்பாலும் டெபாசிட்டும் கேட்பார்கள். சிறு தொழில் சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி பற்றி எம்.எஸ்.எம்.இ. கவுன்சில் (சிறு, குறு தொழில்களின் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பு) வழியாக வந்த தீர்ப்பு என்றால், தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிய பிறகுதான் உங்கள் மனுவையே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.