காம்போவை எப்போது இறக்குவது?

பாலக்காடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் நாலு பேராக உட்கார்ந்து மேஜிக் அட்டை விளையாட்டைக் கமாண்டர் முறையில் ஆடும் தம்பிகளுக்கு: காம்போ, அதாவது சேர்ந்தால் ஆட்டத்தையே முடிக்கும் அட்டைகள், கையில் சேர்ந்ததுமே இறக்கிவிடாதீர்கள். எதிரில் மூன்று பேர். ஒருவரிடம் கவுண்டர்ஸ்பெல் (நீங்கள் இறக்கும் அட்டையைத் தடுக்கும் அட்டை) இருந்தாலும் போச்சு.

சாங்குயின் பாண்ட், எக்ஸ்குவிசிட் பிளட் என்ற அட்டை ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இறக்க ஆகும் செலவு தலா 5 மானா (அட்டைகளை இறக்கச் செலவழிக்கும் சக்தி). இரண்டும் மேஜையில் இருக்கும்போது எதிரி ஒருவர் 1 உயிர் இழந்தால் போதும், சுழற்சி தொடங்கி மூவரின் தலா 40 உயிரும் வரிசையாகக் கரையும். ஆனால் முதல் அட்டையை வைத்தவுடனே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். (எதிர்ப்பக்கம் மலையாளத்தில் கிசுகிசு ஆரம்பித்தால் கூட்டணி உறுதி.) அதனால் 10 மானா சேரட்டும், ஒரே முறையில் இரண்டையும் இறக்குங்கள்.

அப்புறம், எதிரிகளின் லேண்டுகளை, அதாவது மானா தரும் அட்டைகளைக் கவனியுங்கள். நீல மானா தரும் லேண்ட் இரண்டு பக்கவாட்டில் திருப்பாமல், அதாவது செலவழிக்காமல் நின்றால், கவுண்டர்ஸ்பெல் இருக்குமோ என்று சந்தேகம்தான். உங்களுக்கு முந்தைய ஆள் ஜெயிக்கப் பார்த்து, மற்ற இருவரும் அவரைத் தடுக்க மானாவைச் செலவழித்துவிட்டால், அதுதான் நேரம். அவர்களுடைய லேண்டுகள் நிமிர அவரவர் முறை வர வேண்டும். ஃபோர்ஸ் ஆஃப் வில் மாதிரி மானா இல்லாமலே தடுக்கும் அட்டைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.