முசுறு வேஷம் போடும் சிலந்தி: புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஆனைமலைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் கல்லூரிப் பையன் ஒருவன் பிஸ்கட் டப்பாவை நீட்டினான். "அண்ணா, சிலந்தியும் முசுறும் ஒண்ணாவே இருக்குதுங்க." திறந்து பார்த்தோம். சிலந்தியில் மிச்சம் இருந்தது இரண்டு கால்.

முசுறு, இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. அதைப் போலவே வேஷம் போடும் மிர்மாபிளாட்டா என்ற இந்தத் தாவும் சிலந்திப் பேரினத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2016 வரை மிர்மரக்னே என்ற இன்னொரு பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். பழைய புத்தகத்தில் தேடுவதானால் அந்தப் பெயரில் தேடுங்கள்.

எறும்போடு அடைப்பது

முசுறுக் கூட்டின் பக்கத்திலேயே எப்போதும் பார்ப்பதால் இரண்டும் கூட்டாளிகள் என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து வளர்ந்த ஆண் ஒன்றைப் பிடித்தேன். பழகிய சகவாசம்தானே என்று நாலு முசுறோடு ஒரே பாட்டிலில் போட்டு உடுமலை வரை பைக்கில் கொண்டு போனேன். வீட்டில் எடுத்தபோது ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வேஷம் முசுறுக்காகப் போட்டதல்ல. கும்பிடுபூச்சி, மற்ற தாவும் சிலந்திகள் என்று கண்ணால் பார்த்து வேட்டையாடுகிறவை முசுறைக் கண்டால் ஒதுங்கும், ஏமாறுவது அவைதான். முசுறோ தொட்டும் மோந்தும் ஆளை அறிகிற ஜாதி. தோப்பில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். எறும்பு நெருங்கினால் சிலந்தி விலகும். வழி இல்லாவிட்டால் நூலைப் பிடித்துத் தொங்கிவிடும். பாட்டிலுக்குள் எங்கே தொங்குவது? தனிக் குப்பி, ஒரு துளி ஈரப் பஞ்சு, அவ்வளவு போதும்.

ஆறு கால் என்று எண்ணி விட்டுவிடுவது

முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டும். அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

தாடை இல்லையென்றால் பெண் என்பது

வளர்ந்த ஆணுக்குத் தாடை முன்னால் நீண்டு நிற்கும். பெரிய முசுறு ஒன்று சின்ன முசுறைக் கவ்விப் போவது போலவே இருக்கும். ஆனால் அந்த நீளம் கடைசித் தோலுரிப்பில்தான் வரும். அதற்கு முன் ஆணும் பெண் மாதிரியே தெரியும். நான் குறிப்பேட்டில் "பெண்" என்று எழுதி வளர்த்த ஒன்று, ஒரு நாள் காலையில் தாடையோடு உட்கார்ந்திருந்தது.

காப்புக்காட்டில் பிடிப்பது

வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. தோப்புக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.