ஜீன் டெஸ்டுக்குப் போகும் முன் அத்தை வீட்டுக்குப் போய் வாருங்கள்

புற்றுநோய் பரம்பரையாக வந்ததா என்று பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்த மரபணுச் சோதனைச் சீட்டு என் ஃபைலில் ஐந்து மாதம் அப்படியே கிடந்தது. எனக்கு அப்போது வயது 41. இடது மார்பில் ஹார்மோன் சிகிச்சை பலிக்காத டிரிபிள் நெகட்டிவ் வகைப் புற்றுநோய்க் கட்டி, கீமோ ஓடிக்கொண்டிருந்தது. வந்தது வந்துவிட்டது, ஏன் வந்தது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டிருக்கக் கூடாது. கீமோ நடக்கும்போதே இந்த ரத்தத்தைக் கொடுக்கலாம், முடிவு மாறாது. ஆபரேஷனுக்கு முன்பே ரிப்போர்ட் கையில் இருந்திருந்தால், கட்டியை மட்டும் எடுப்பதா, இரண்டு மார்பையும் எடுப்பதா என்பதை நிதானமாகப் பேசி முடிவெடுத்திருப்போம்.

டாக்டர் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், எந்த வயதிலும் டிரிபிள் நெகட்டிவ் வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்கள், கணையப் புற்றுநோய் வந்தவர்கள், புராஸ்டேட் புற்றுநோய் வேறு இடங்களுக்குப் பரவியவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் என்றால் வயதையும் பார்க்க வேண்டாம், குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்றும் பார்க்க வேண்டாம், கேட்டே ஆகவேண்டும். பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய்களில் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கலாம். அதற்கு முதலில் எடுத்த கட்டியின் துண்டிலேயே ஒரு சோதனை செய்து பார்ப்பார்கள்.

'கட்டியில் ஜீன் டெஸ்ட் செய்தாச்சே' என்று நிறையப் பேர் இருந்துவிடுகிறார்கள். அது வேறு. கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றங்களும் அதில் வரும். பிறக்கும்போதே உடம்பில் இருந்ததா என்று உறுதியாகத் தெரிய ரத்தத்திலோ எச்சிலிலோ பார்க்க வேண்டும்.

ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. மரபியல் ஆலோசகர் மூன்று தலைமுறைக்குக் குடும்ப மரம் போடுவார். 'குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா?' என்று கேட்டபோது இல்லை என்று பட்டென்று சொன்னேன். அம்மா பக்கத்தை மட்டும்தான் நினைத்தேன். 'அப்பா கூடப்பிறந்த பெண்கள்?' என்றார். பெரிய அத்தை சின்ன வயதிலேயே தவறிவிட்டார் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுவாரம் கும்பகோணத்தில் சின்ன அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். 'அவளுக்கு வயித்துல தண்ணி கோத்துக்கிச்சுடி. ஊசி போட்டு எடுப்பாங்க, நாலு நாள்ல மறுபடி பானை மாதிரி ஆயிடும்' என்றார். பெரிய அத்தைக்கு அப்போது 47 வயது. ஆலோசகரிடம் சொன்னதும் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அத்தை இறந்தது 1991ல். மாற்றம் இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிராக்கா 1 ஜீனைப் பிரித்தெடுத்ததே 1994ல்தான். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் 'கேன்சரா?' என்று கேட்காதீர்கள், அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். வயிறு வீங்கியதா, மார்பில் ஆறாத புண் இருந்ததா, கர்ப்பப்பையை எடுத்தார்களா, எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், அப்போது என்ன வயது என்று கேளுங்கள். வயது நினைவில்லை என்றால், யார் கல்யாணத்துக்கு முன்பு, யார் பிறந்த பிறகு என்று கேட்டால் வந்துவிடும். தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கட்டிக்கொடுத்த குடும்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஒரே ஆள் இரண்டு பக்கமும் வருவார்.

சோதனையை முதலில் நோய் வந்தவருக்குத்தான் செய்ய வேண்டும். அம்மாவுக்கு எதற்கு இந்த வயதில் என்று நல்லா இருக்கும் மகளைக் கூட்டிப் போகிறார்கள். அம்மாவிடம் எந்த மாற்றம் என்று தெரியாமல் மகளுக்கு 'இல்லை' என்று வந்தால், அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

ரத்தம் எடுப்பது ஒரு நிமிட வேலை, ஊதா மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்று. ரத்தப் புற்றுநோய் இருந்தாலோ, வேறொருவரின் எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தோலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு 18,000 ரூபாய் ஆனது, ரிப்போர்ட் வர நாலு வாரம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே கிளினிக் இருக்கிறது, வேலூர் சிஎம்சியில் மரபியல் துறை இருக்கிறது. எங்கே போனாலும் செலவைக் குறைக்க வழி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ரிப்போர்ட்டைத் தனியாகப் பிரித்துப் படிக்காதீர்கள். 'இருக்கிறது', 'இல்லை' தவிர மூன்றாவதாக ஒன்றும் வரும்: ஒரு மாற்றம் தெரிகிறது, அது கெடுதலா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று. எனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த அக்காவுக்கு அப்படித்தான் வந்தது. சினைப்பையை எடுத்துவிட வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தார். அந்த முடிவை மட்டும் வைத்து எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது. பின்னாளில் மாற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை கெடுதல் இல்லாதவை என்றே ஆகின்றன.

எனக்கு பிராக்கா 1 'இருக்கிறது' என்று வந்தது. இந்த மாற்றம் உள்ள பெண்கள் 100 பேரில் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும், 40க்கும் மேற்பட்டவர்களுக்குச் சினைப்பையில் வரும். சினைப்பையை 35 முதல் 40 வயதுக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். நான் 42ல் எடுத்தேன். ஒலாபரிப் மாத்திரையும் ஒரு வருடம் சாப்பிட்டேன். மார்பகப் புற்றுநோயில் இந்த ஜீன் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள்.

அப்புறம் சொந்தக்காரர்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. போனில் சொல்லாதீர்கள், ரிப்போர்ட்டின் ஜெராக்ஸோடு நேரில் போங்கள். அந்த ஒரு மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதால் அவர்களுக்குச் செலவு குறையும், அதற்கு அந்த ஜெராக்ஸ் வேண்டும். என் அண்ணன், 'ஆம்பளைக்கு என்ன வரப்போகுது? பொண்ணுக்கு நாளைக்கு வரன் பாக்கணும், இதெல்லாம் வெளிய தெரியக் கூடாது' என்றார். அப்பாவுக்கு ஒன்றும் வரவில்லை, ஆனால் அவர் வழியாகத்தான் எனக்கு வந்தது என்றேன். ரிப்போர்ட்டை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, மகளுக்கும் இப்போதே எடுக்க வேண்டுமா என்று கேட்டார். அவளுக்கு ஒன்பது வயது. 18 ஆகட்டும், அவளே முடிவு செய்யட்டும் என்றேன். போன செவ்வாய்க்கிழமை அண்ணன் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறோம்.