சாமர்செட்டின் ஸ்ட்ரீட்: காலணி ஊருக்கு ஒரு நாள் சென்று வருவது எப்படி?

தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள ஸ்ட்ரீட், கிளார்க்ஸ் காலணிகள் பிறந்த ஊர். 1825 இல் சைரஸ் கிளார்க் இங்கே ஆட்டுத்தோல் விரிப்புத் தொழிலைத் தொடங்கினார். வெட்டியபின் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு அவருடைய தம்பி ஜேம்ஸ் வீட்டுச் செருப்புகள் தைக்கத் தொடங்கியதிலிருந்துதான் காலணித் தொழில் வளர்ந்தது. பழைய தொழிற்சாலை வளாகத்தில் 1993 இல் திறக்கப்பட்ட கிளார்க்ஸ் வில்லேஜ் என்னும் அவுட்லெட் (தள்ளுபடி விலைக் கடைகள்) வளாகத்துக்காகவே இப்போது பெரும்பாலோர் வருகிறார்கள். கடைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது இந்த ஊரைப் பாதி பார்த்ததாகவே ஆகும் என்பது என் கருத்து.

முதல் படி: ஊரைச் சென்றடைதல்

வரைபடச் செயலியில் வெறுமனே ‘ஸ்ட்ரீட்’ என்று தேடினால் உலகத்துத் தெருக்களெல்லாம் வந்து நிற்கும். சாமர்செட் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். ஊரில் ரயில் நிலையம் இல்லை. லண்டன் பேடிங்டனிலிருந்து வருபவர்கள் காசில் கேரியில் இறங்கினால், அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் டாக்சியில் செல்ல வேண்டியிருக்கும். செலவைக் குறைக்க விரும்புவோர் பிரிஸ்டல் வரை ரயிலில் வந்து, வெல்ஸ், கிளாஸ்டன்பரி வழியாகச் செல்லும் 376 ஆம் எண் பேருந்தைப் பிடிக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றாலும் வழி அழகானது. இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் 6 மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம் என்பது சட்டம் என்பதால், வார நாளே வசதி.

இரண்டாம் படி: முதலில் அருங்காட்சியகம்

கைகளில் பைகள் சேர்வதற்கு முன்பே, வளாகத்தை ஒட்டி 2025 இல் திறக்கப்பட்ட ஷூமேக்கர்ஸ் மியூசியத்தைப் பார்த்துவிடுங்கள். கிளார்க் குடும்பத்து நேதன் கிளார்க் 1950 இல் அறிமுகப்படுத்திய டெசர்ட் பூட் என்னும் கணுக்கால் உயரக் காலணியின் பின்னணியைத் தெரிந்துகொண்டு சென்றால் கடையில் அதைப் பார்க்கும் பார்வையே மாறும்: இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் பணியாற்றிய அவர், கெய்ரோ கடைத்தெருவில் தைக்கப்பட்ட மெல்லிய தோல் பூட்டுகளை ராணுவ அதிகாரிகள் அணிந்திருந்ததைக் கண்டே அந்த வடிவத்தை உருவாக்கினார்.

மூன்றாம் படி: காலணி வாங்குதல்

நடந்த கால் சற்று வீங்கும் என்பதால், பிற்பகலில் இரு கால்களையும் அளந்துகொண்டு, பெரிய காலுக்கு ஏற்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டு எண்களும் பிரிட்டிஷ் முறையையே பின்பற்றுவதால் குழப்பம் இராது; ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். ஆனால் எண்ணோடு நின்றுவிடாமல் அகல எழுத்தையும் பாருங்கள்: கிளார்க்ஸில் ஆண்களுக்கு ஜி வழக்கமான அகலம், எச் அகலமானது, பெண்களுக்கு டி, இ என்று வரும். சிறுவயதில் செருப்பில்லாமல் நடந்து விரிந்த பாதம் உடையவர்களுக்கு, அடுத்த எண்ணுக்குத் தாவுவதைவிட அகலமான எழுத்தே பொருந்தும்.

தள்ளுபடிச் சீட்டை மட்டும் பார்த்தால் போதாது. பாலியூரித்தேன் என்னும் நெகிழியால் ஆன சோல், அணியாமல் பெட்டியில் கிடந்தாலும், ஈரப்பதத்தால் ஆண்டுக்கணக்கில் சிதைந்து ஒருநாள் பொடிந்து உதிரும். எனவே பழைய சரக்கென்று தோன்றினால் சோலை விரலால் அழுத்தி, சற்று வளைத்து, வெடிப்போ பிசுபிசுப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஜோடியின் இரண்டு காலணிகளும் ஒரே அளவுதானா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். உள்ளே ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்றிருந்தால் வியக்க வேண்டாம். அது ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கப்பலேறியதாகவே இருக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு வாட் வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு பிரிட்டனில் 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது. கடையில் நேரில் வாங்கிய பொருளைப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் திரும்பப் பெற வேண்டும் என்று சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆதலால் பணம் கட்டும் முன்பே திருப்பிக் கொடுக்கும் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மீதி நேரம்

1885 இல் எழுந்த கிரிஸ்பின் ஹால் என்னும் பொது மன்றக் கட்டடம் ஹை ஸ்ட்ரீட்டிலேயே உள்ளது. கோடையாக இருந்தால், அதே கிளார்க் குடும்பத்தைச் சேர்ந்த ஆலிஸ் கிளார்க் விட்டுச்சென்ற பணத்தில் 1937 இல் திறக்கப்பட்ட கிரீன்பேங்க் திறந்தவெளி நீச்சல்குளத்தில் நீந்தலாம். மாற்றுடை கொண்டு செல்லுங்கள். கிளாஸ்டன்பரி மடாலய இடிபாடுகளையும் பார்க்க விரும்புவோர் அதே 376 இல் ஏறினால் சில நிமிடங்களில் போய்விடலாம், ஆனால் மாலையில் பேருந்துகள் குறைந்துவிடும் என்பதால் கடைசி வண்டியின் நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.