போன இடத்தில் வாந்திபேதி: ஜோடியாகப் பயணம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொல்லிமலை, வால்பாறை என்று இரண்டு பேராகக் கிளம்பிப் போகிறவர்களைப் படுக்கப் போடுவது பெரும்பாலும் வாந்திபேதிதான். அதைப் பெரிதாக்குவது ஒருவருக்கொருவர் பார்க்கும் தயவு. ‘சொன்னா டூர் கெட்டுப்போகும்’ என்று முடியாதவர் மறைப்பார். ‘தூங்கட்டும், காலையில பார்த்துக்கலாம்’ என்று மற்றவர் விட்டுவிடுவார்.

ஊரில் இருந்தால் காலைவரை பொறுக்கலாம். கொல்லிமலையிலிருந்து கீழே வர 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். இருட்டிய பிறகு, வாந்தி எடுக்கும் ஆளை வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது நோயைவிட ஆபத்து. அதனால் இருப்பதா, இறங்குவதா என்பதை மாலை 4 மணிக்குள் முடிவுசெய்யுங்கள். முடிவு நலமாக இருப்பவருடையது. ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்ற பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வெளியே வருகிறது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

அடுத்தது, உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொடி. பெரிய பாக்கெட் சுமார் 21 கிராம். அது முழுதாக 1 லிட்டர் தண்ணீருக்கு. அதை அப்படியே ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடிப்பவர்கள்தான் அதிகம். அடர்த்தியான கரைசல் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும், பேதி கூடும். சுமார் 4 கிராம் எடையுள்ள சின்னப் பாக்கெட் என்றால் 200 மி.லி. போதும். பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். சீல் உடைக்காத 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் கைக்குக் கிடைக்கும் நல்ல அளவுப் பாத்திரம். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. அதை மட்டுமே நம்பக் கூடாது. பெட்டிக்கடையில் தொங்கும் பழ ருசிப் பானங்கள் இதற்கு மாற்றே அல்ல. அந்த மாதிரிப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் தடை போட்டது சும்மா இல்லை.

வாந்தி நின்றதும் பாசத்தோடு முழு டம்ளரை வாயில் வைப்பது இன்னொரு தவறு. வயிறு அதைத் திருப்பி அனுப்பிவிடும். பத்து நிமிடம் விட்டு, ஒரு ஸ்பூன் கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இன்னொரு ஸ்பூன்.

பஸ் ஏற வேண்டுமே என்று பேதியை நிறுத்தும் மாத்திரையைப் போடுவார்கள். காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது அந்த மாத்திரை (லோபரமைடு) கூடாது. கிருமி உள்ளேயே தங்கிவிடும். போன முறை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

பைக்கில் போனவர்கள் முடியாதவரைப் பின்னால் உட்காரவைத்து இறக்கவே கூடாது. நீர் வற்றிய உடம்புக்கு எந்த வளைவிலும் மயக்கம் வரலாம். துண்டால் கட்டிக்கொண்டால் விழுவது இருவருமாகத்தான் இருக்கும். 108-ஐக் கூப்பிட்டு, ஊர், ஒன்றியம், மாவட்டம், பக்கத்துக் கோயில் அல்லது பள்ளிக்கூடம், எத்தனையாவது வளைவு என்பதைச் சொல்லுங்கள். ‘கூகுள் மேப்பில் அனுப்பறேன்’ என்பது சிக்னல் இல்லாத இடத்தில் உதவாது. தங்குமிடக்காரரை முக்குரோட்டில் நிற்கச் சொல்லுங்கள்.

டாக்டர் முதலில் கேட்பது என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுதான். ‘காலையில ஒரு வெள்ளை மாத்திரை’ என்று சொல்லும் துணைதான் ஏராளம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றை வாந்திபேதி சமயத்தில் நிறுத்திவைக்க வேண்டி வரும். எதை என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். கிளம்பும் முன்பே ஒருவர் மருந்துச்சீட்டை மற்றவர் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளியிருந்தால், கூச்சப்படாமல் அதையும் சொல்ல வேண்டும். கொடுக்கும் மருந்தே மாறும்.

நலமாக இருப்பவரும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டவர்தான், அதே கழிப்பறைதான். அவருக்கும் தொற்றலாம், கை கழுவ வேண்டும். வாந்திபேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் அவ்வளவாகக் கேட்காது, சோப்பும் தண்ணீரும்தான் வழி.

வீடு திரும்பிய பிறகு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அதைப் பயணத்தோடு சேர்த்துப் பார்க்காமல் விடுவதும் தவறு. புதர்ப் பக்கம் நடந்தவர்களுக்கு, அங்கிருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரலாம். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல, வலிக்காத கருப்புப் பொருக்கு இருக்கலாம். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் என்று தானாகப் பார்க்க முடியாத இடங்களில். துணைதான் தேடிப் பார்க்க வேண்டும். கண்ணில் பட்டால் டாக்டரிடம் காட்டி, எங்கே போயிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பொருக்கு இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.