ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை: தமிழர் தடுமாறும் இடங்கள்

ஆங்கில வாக்கியத்தைச் செய்வினையிலிருந்து செயப்பாட்டு வினைக்கு மாற்றப் பள்ளியில் ஒரு சூத்திரம் கற்பிக்கிறார்கள். ஆப்ஜெக்டை, அதாவது செயப்படுபொருளை முன்னால் கொண்டுவர வேண்டும், நடுவில் 'இஸ்' அல்லது 'வாஸ்' போட வேண்டும், வினைச்சொல்லின் மூன்றாம் வடிவத்தை, அதாவது வி3-ஐ எழுத வேண்டும், 'பை' சேர்த்து சப்ஜெக்டைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். சூத்திரத்தில் பிழை இல்லை. ஆனால் அது எந்த வாக்கியத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது, பொருந்தினாலும் ஏன் மாற்ற வேண்டும் என்பதை வகுப்பில் பெரும்பாலும் சொல்வதில்லை. அதனால்தான் தேர்வில் எல்லா வாக்கியங்களையும் சரியாக மாற்றி முழு மதிப்பெண் வாங்கியவர்கூட, அலுவலக மின்னஞ்சலில் 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று எழுதிவிடுகிறார்.

அந்த வாக்கியத்திலேயே தொடங்குவோம். 'ஹேப்பன்' என்றால் நிகழ்தல். நிகழ்தலுக்குச் செயப்படுபொருள் கிடையாது. செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வினை எங்கிருந்து வரும்? தமிழ் வகுப்பில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று படித்த பாடம் இங்கே அப்படியே உதவுகிறது. வினையைப் பார்த்து 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேட்டுப் பாருங்கள். எழுதினான் என்றால் எதை? கடிதத்தை. விடை வருகிறது, எனவே மாற்றலாம். தூங்கினான் என்றால் எதை? விடை இல்லை, மாற்ற முடியாது. ஹேப்பன், அக்கர், அரைவ், டை, ஸ்லீப், டிஸப்பியர் எல்லாம் இந்த இரண்டாவது வகை. 'தி ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்' என்பதே போதும், 'வாஸ்' வேண்டாம். 'கன்சிஸ்ட்' என்ற சொல்லும் இப்படித்தான். 'தி டீம் இஸ் கன்சிஸ்டட் ஆஃப்' என்று எழுதுவது தவறு, 'தி டீம் கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' என்பதே சரி.

இந்தச் சோதனைக்கு அகப்படாத சில வினைகளும் உண்டு. ஹேவ், காஸ்ட், ரிசெம்பிள், லேக் ஆகியவற்றுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்து நிற்கும். பார்த்தால் செயப்படுபொருள் போலவே இருக்கும். ஆனால் இவை செயலைச் சொல்வதில்லை, ஒரு நிலையைச் சொல்கின்றன. 'மை பிரதர் ஹேஸ் எ கார்' என்ற வாக்கியத்தை 'எ கார் இஸ் ஹேட் பை மை பிரதர்' என்று மாற்றினால் அது ஆங்கிலமே ஆகாது.

அடுத்த தடுமாற்றம் நம் மொழியின் அமைப்பிலிருந்தே வருகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'எனக்கு ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது' என்கிறோம். இதில் எழுவாய் புத்தகம். பெற்றுக்கொண்ட நான், நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என்று நிற்கிறேன். 'நான் கொடுக்கப்பட்டேன்' என்று சொன்னால் என்னையே யாரோ தூக்கிக் கொடுத்துவிட்டதாகப் பொருள் வரும். ஆங்கிலம் அப்படி அஞ்சுவதில்லை. 'எ புக் வாஸ் கிவன் டு மீ' என்றும் சொல்லலாம், 'ஐ வாஸ் கிவன் எ புக்' என்றும் சொல்லலாம். பேச்சில் இரண்டாவதே இயல்பு. தமிழ்க் காதுக்கு அது பிழைபோல ஒலிப்பதால் நம்மவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள், அல்லது 'மீ வாஸ் கிவன்' என்று நடுவழியில் நின்றுவிடுகிறார்கள்.

இந்த வாசல் திறந்திருப்பதைத் தெரிந்துகொண்டவர்கள் எல்லா வினைகளையும் அதன் வழியாகவே அனுப்பப் பார்ப்பார்கள். அதுவும் கூடாது. 'ஐ வாஸ் எக்ஸ்பிளைண்ட் தி ப்ராப்ளம்' என்ற வாக்கியம் நம் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. அது தவறு. கிவ், டெல், ஆஃபர், ஷோ, டீச் ஆகிய வினைகள் பெறுபவரை நேராக ஏற்றுக்கொள்கின்றன: 'டெல் மீ', 'ஷோ மீ'. எக்ஸ்பிளைன், சே, சஜஸ்ட் ஆகியவை ஏற்பதில்லை. அவற்றுக்கு இடையில் 'டு' வேண்டும்: 'எக்ஸ்பிளைன் டு மீ'. நேராக ஏற்கும் வினைகளில்தான் பெறுபவர் எழுவாய் ஆக முடியும். ஆகவே 'ஐ வாஸ் டோல்ட்' சரி, 'ஐ வாஸ் செட்' தவறு. 'தி ப்ராப்ளம் வாஸ் எக்ஸ்பிளைண்ட் டு மீ' சரி. எந்த வினை எந்த வகை என்ற ஐயம் வந்தால், 'மீ'-யை வினையை ஒட்டி வைத்துச் செய்வினையில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'ஹி எக்ஸ்பிளைண்ட் மீ' என்பதும் நமக்குப் பழகிப்போன பிழை என்பதால், இந்த மூன்று வினைகளை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

'தி பிரிட்ஜ் இஸ் கன்ஸ்ட்ரக்டிங்' என்று எழுதுகிற பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்கு முன்னால் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். பேச்சுத் தமிழில் 'படு' வைத்த செயப்பாட்டு வினை மிகக் குறைவு. 'பாலம் கட்டப்படுகிறது' என்பது செய்தித்தாள் தமிழ். வீட்டில் 'பாலம் கட்டுகிறார்கள்' என்று யாரென்றே சொல்லாமல் சொல்லிவிடுவோம், அல்லது 'பாலம் கட்டியாகிவிட்டது' என்போம். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியம் வினையியலில் விதி வகுத்திருக்கிறது. 'திண்ணை மெழுகிற்று' என்பது அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை எதையும் மெழுகவில்லை, அதை யாரோ மெழுகினார்கள். இந்த மரபு நம் நாக்கில் இன்னும் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இதற்கு இடம் இருந்தது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பதே முன்பு வழக்கு. 'இஸ் பீயிங் பில்ட்' என்ற வடிவம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் சிலர் அதை அருவருப்பான புதுமை என்று எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் தோற்றார்கள், இன்று 'பீயிங்' இல்லாமல் எழுதினால் பாலம் வேறு எதையோ கட்டிக்கொண்டிருப்பதாகப் பொருள் வரும். நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு 'இஸ் பீயிங்', முடிந்துவிட்ட செயலுக்கு 'ஹேஸ் பீன்' என்று காலத்தோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 'தி ரோடு இஸ் பீயிங் ரிப்பேர்ட்' என்றால் இன்னும் சுற்றுவழியில்தான் போக வேண்டும். 'தி ரோடு ஹேஸ் பீன் ரிப்பேர்ட்' என்றால் நேராகப் போகலாம்.

'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் கிரிக்கெட்' என்பதும் இதே குடும்பத்துப் பிழை. ஆர்வத்தைத் தூண்டுவது கிரிக்கெட், தூண்டப்படுவது நான். எனவே 'இன்ட்ரஸ்டட்'.

சில பிழைகளுக்கு விளக்கம் தேவையில்லை, கவனம் போதும். 'வாஸ் ரோட்' இல்லை, 'வாஸ் ரிட்டன்'. 'வாஸ் ஸ்டோல்' இல்லை, 'வாஸ் ஸ்டோலன்'. ஆப்ஜெக்ட் முன்னால் வந்ததும் ஒருமை, பன்மையை மறுபடி பார்க்க வேண்டும்: 'தி மேங்கோஸ் வேர் ஈட்டன்'. தமிழில் அவன் என்பது 'அவனால்' என்று உருவம் மாறுவது போல, 'பை'-க்குப் பின்னால் 'ஹி' வராது, 'ஹிம்' வரும்.

அந்த 'பை'-யைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிப் புத்தகங்கள் எல்லா வாக்கியத்தின் வாலிலும் அதைக் கட்டிவிடுவதால், 'மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன் பை சம்படி' என்று எழுதப் பழகிவிடுகிறோம். திருடியது யாரோ ஒருவர் என்பதைச் சொல்லவா வேண்டும்? 'மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்' என்று நிறுத்துங்கள். செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்தும் அது முக்கியமில்லாதபோதும்தான் செயப்பாட்டு வினை பெரும்பாலும் தேவைப்படுகிறது. சில சொற்களோடு 'பை' சேர்வதே இல்லை அல்லது அரிதாகவே சேர்கிறது: 'நோன் டு', 'ஃபில்ட் வித்', 'மேட் ஆஃப்', 'மேரீட் டு'.

'வாஸ்' கண்ணில் பட்டாலே செயப்பாட்டு வினை என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. 'ஷி வாஸ் சிங்கிங்' செய்வினை; பாடுபவளே எழுவாய். வி3 உடன் வந்து, எழுவாய் அந்தச் செயலை ஏற்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். 'வாஸ்' இருப்பதால் செயப்பாட்டு வினை எப்போதும் இறந்தகாலம் என்று நினைப்பவர்களும் உண்டு. 'ரைஸ் இஸ் க்ரோன் இன் தஞ்சாவூர்' என்பதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது?

செயப்பாட்டு வினையே கூடாது என்ற அறிவுரையையும் சேர்த்தே தவிர்க்க வேண்டும். செய்வினை எழுத முடிகிற இடத்தில் செயப்பாட்டு வினை எழுதாதே என்று ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஒரு கட்டுரையில் விதி சொன்னார். அதே கட்டுரையில் அவரே தாராளமாகச் செயப்பாட்டு வினை எழுதியிருக்கிறார். எழுதாமல் அவராலும் முடியாது, நம்மாலும் முடியாது. 'ஷி வாஸ் பார்ன் இன் மதுரை' என்பதை வேறு எப்படிச் சொல்வது? அதேபோல, அறிவியல் கட்டுரை என்றால் செயப்பாட்டு வினையில்தான் இருக்க வேண்டும் என்பதும் வெறும் நம்பிக்கை. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்த கட்டுரை, ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புகிறோம் என்று 'வீ'-யில்தான் தொடங்குகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரே கேள்விதான்: இந்த வாக்கியம் யாரைப் பற்றியது? விருது வாங்கியவரைப் பற்றிய பத்தியில் 'ஷி வாஸ் அவார்டட்' என்பதே இயல்பு. அங்கே விருதுக் குழுவைத் திடீரென எழுவாயாக்கினால் பத்தி திசைமாறும். ஆனால் பொறுப்பு யாருடையது என்பதே பேச்சாக இருக்கும் இடத்தில் செயப்பாட்டு வினை செய்தவரை மறைத்துவிடும். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்த பின், 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். தவறுகள் செய்யப்பட்டன. யார் செய்தார்கள் என்று அந்த வாக்கியத்தில் தேடினாலும் கிடைக்காது.

நீங்கள் புகார்க் கடிதம் எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழி தோண்ட வந்தவர்கள் உங்கள் வீட்டுக் குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள் என்றால், 'தி பைப் வாஸ் டேமேஜ்ட்' என்று எழுதாதீர்கள். 'யுவர் வொர்க்கர்ஸ் டேமேஜ்ட் தி பைப் ஆன் மண்டே' என்று எழுதுங்கள். அதே கடிதத்தில் உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லும்போது 'வீ வேர் லெஃப்ட் வித்தவுட் வாட்டர்' என்று மாறலாம். அந்த வாக்கியம் உங்கள் வீட்டைப் பற்றியது.