சிறுவர் விளையாட்டு நூலை எடைபோடுவது எப்படி?

முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். சாதனைப் பட்டியல்தான் சீக்கிரம் பழசாகும். அடுத்து, உறுதியாகத் தெரிந்த ஓரிரு தகவல்களைச் சரிபாருங்கள்: மாரத்தான் 42.195 கி.மீ., 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டர் ஓடியது 9.58 விநாடியில். இதிலேயே தவறினால் மற்றதை எப்படி நம்புவது?

வாழ்க்கை வரலாறு என்றால் உரையாடல்களில் கண் வையுங்கள். எட்டு வயதில் வீரர் அம்மாவிடம் சொன்னது மேற்கோள் குறிக்குள் இருந்தால், எந்தப் பேட்டியில் வந்தது என்று நூலின் கடைசியிலாவது குறிப்பு வேண்டும். இல்லாவிட்டால் அது எழுதியவரின் கற்பனையாகவே இருக்கலாம். குழந்தையோ அப்படியே நம்பிவிடும். தோல்வியையும் காயத்தையும் மறைக்கும் நூல் வேண்டவே வேண்டாம்.

படங்களையும் பாருங்கள். ஆஃப்சைடு (வீரர் நிற்கும் இடத்தைப் பொறுத்த கால்பந்து விதி) விளக்கத்துக்குப் பக்கத்தில் கோல்கீப்பர் பாயும் படம் இருந்து என்ன பயன்? வீரர்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடம்தான் வேண்டும்.

நடுப்பக்கம் ஒன்றைக் குழந்தையையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால், சேர்ந்து வாசியுங்கள்.